ஆல்கஹாலில் இருந்து ஹைட்ரஜன்: பிளாஸ்மா உலை முரண்டு பிடித்தால்

எத்தனாலையோ மெத்தனாலையோ ஆவியாக்கி, மின் பிளாஸ்மாவுக்குள் (மின்சாரத்தால் அயனியாகி ஒளிரும் வாயுவுக்குள்) செலுத்தி, ஹைட்ரஜனாக உடைக்கும் சின்ன உலையை மேசைமேல் வைத்து ஓட்டுபவர்களுக்காக இது. டர்பனிலும் ஜோஹன்னஸ்பர்க்கிலும் இந்த வேலையில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன்.

உலை ஓடவில்லை என்றால் எல்லோருடைய கையும் முதலில் போவது மின்னழுத்தக் குமிழுக்கு. அதைக் கடைசியில் தொடுங்கள். கோளாறுகளில் பெரும்பகுதி பிளாஸ்மாவில் இருப்பதில்லை. அதற்கு முன்னால் இருக்கும் திரவ வழியிலோ, பின்னால் இருக்கும் அளவீட்டிலோதான் இருக்கும்.

இங்கே நான் மனதில் வைத்திருக்கும் அமைப்பு சறுக்கு வில் வகை. கத்தி போல வளைந்த இரண்டு எஃகு மின்முனைகள் ஒரு குவார்ட்ஸ் குழாய்க்குள் நிற்கும். கீழே 2 மில்லிமீட்டர் இடைவெளி, மேலே போகப் போக அகலும். குறுகிய இடத்தில் பற்றும் மின்வில்லை வாயு மேல்நோக்கித் தள்ளும். அது நீண்டு அறுந்ததும் கீழே புதிதாக ஒன்று பற்றும். சிரிஞ்ச் பம்ப் எத்தனால், நீர்க் கலவையை ஆவியாக்கிக்குத் தரும். நைட்ரஜனோ ஆர்கானோ அந்த ஆவியை உலைக்குக் கொண்டுபோகும். உலைக்குப் பின்னால் ஐஸ் பொறி (ஆவியைக் குளிர்வித்துத் திரவமாகப் பிடிப்பது), ஓட்ட அளவி, கேஸ் குரோமட்டோகிராஃப் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி), கடைசியில் புகைபோக்கி. மின்முனைகளுக்கு நடுவே கண்ணாடி போன்ற மின்காப்பு நிற்கும் மின்காப்புத் தடை வகை வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நீரைப் பிரித்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்கக் கோட்பாட்டளவில் 39.4 கிலோவாட் மணி வேண்டும். நடைமுறையில் மின்பகுப்பான்கள் 50க்கு மேல் கேட்கின்றன. திரவ எத்தனாலும் திரவ நீரும் வைத்துத் தொடங்கினால் கோட்பாட்டுத் தேவை சுமார் 8 கிலோவாட் மணிதான். மீதியை எத்தனாலே கொண்டுவருகிறது. டர்பன் இருக்கும் குவாசுலு-நடால் மாகாணத்தில் கரும்பும் மொலாசஸும் இருப்பதால் எத்தனாலுக்குப் பஞ்சமில்லை. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து இறங்கியவர்கள் எந்தப் பயிருக்காக வந்தார்களோ, அதே பயிர்தான். ஆனால் அந்த 8 என்ற எண்ணை மேசைமேல் யாரும் தொடுவதில்லை. பிளாஸ்மாவின் மின்சாரத்தில் நிறையப் பங்கு வாயுவைச் சூடாக்குவதிலேயே போய்விடும்.

தொடங்குமுன் பாதுகாப்பு. ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எரியும். அதைப் பற்றவைக்க 0.02 மில்லிஜூல் பொறி போதும். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. கூடவே வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை இல்லை. ஆகவே வில்லைப் பற்றவைக்கும் முன் உலைக் கொள்ளளவைப் போலப் பல மடங்கு நைட்ரஜனை ஓட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். அணைத்த பிறகும் அப்படியே. உள்ளே கை வைக்குமுன் எர்த் கோலால் மின்முனைகளைத் தொட்டு மின்தேக்கிகளை வடியுங்கள். குவார்ட்ஸ் புறஊதாக் கதிரை அப்படியே விடும் என்பதால் வில்லை வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்கக் கூடாது. தனியாக ஓட்டாதீர்கள்.

ஸ்விட்ச் போட்டதும் எர்த் லீக்கேஜ் விழுகிறது

இங்கே டிபி போர்டில் (மின் பகிர்வுப் பலகையில்) இருக்கும் எர்த் லீக்கேஜ், அதாவது எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் தானே அணையும் ஸ்விட்ச், 30 மில்லிஆம்பியரில் விழும். உயர் மின்னழுத்தம் இருக்கும் மேசையில் அது விழுந்தால் எல்லோரும் டிரான்ஸ்ஃபார்மரைத்தான் திட்டுவார்கள். முதலில் ஆவியாக்கியின் ஹீட்டரைப் பாருங்கள். உருளை ஹீட்டர்களுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்ஸைடு ஈரத்தை இழுக்கும். டர்பன் கோடையில் இரண்டு வாரம் சும்மா கிடந்த ஹீட்டர் எர்த்துக்குக் கசிய ஆரம்பித்துவிடும். எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து கழற்றி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடுவான். ஹீட்டர்தான் என்றால் அதைத் தனியே எடுத்து 120 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் காய வையுங்கள். ஹீட்டர் இல்லாமலும் விழுகிறது என்றால், உயர் அதிர்வெண் மின்வழங்கிக்கு உள்ளே இருக்கும் இரைச்சல் வடிகட்டியைச் சந்தேகிக்கலாம். அதன் மின்தேக்கிகள் எர்த்துக்குக் கொஞ்சம் மின்னோட்டம் விடும். ஒரே சுற்றில் அப்படி மூன்று கருவிகள் சேர்ந்தால் கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டிவிடும். வேறு சுற்றுக்கு மாற்றுங்கள். எர்த் லீக்கேஜைச் சுற்றிக்கொண்டு வேறு வயர் இழுக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

மின்னழுத்தம் இருக்கிறது, வில் பற்றவில்லை

விளக்கை அணைத்து இருட்டில் பாருங்கள். மின்முனை நுழையும் மூடியில், கேபிள் முனையில், குழாயின் வெளிப்பரப்பில் ஊதா நிற ஒளிர்வோ ஓசோன் வாசனையோ இருந்தால் மின்சாரம் வேறு வழி கண்டுபிடித்துவிட்டது. கடலோர ஊர்களில் இது சகஜம். காற்றில் வரும் உப்பு, ஈரத்தோடு சேர்ந்து மின்காப்பின் மேல் ஒரு படலம் போடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஆவி முழுதும் போன பிறகே மின்சாரம் கொடுங்கள். கறுப்பாகக் கிளைவிட்ட தடம் தெரிந்தால் துடைத்துப் பயனில்லை. அந்தப் பரப்பே கரியாகிவிட்டது, பாகத்தை மாற்றத்தான் வேண்டும்.

நியான் விளக்கு டிரான்ஸ்ஃபார்மர் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புதிய மின்னணு வகைகளில் எர்த்துக் கசிவைக் கண்டதும் தானே அணையும் பாதுகாப்பு உண்டு. ஒரு மின்முனையை எர்த் செய்திருந்தால் அதைக் கசிவு என்று நினைத்து ஒரு நொடி ஓடி நின்றுவிடும். இரண்டு மின்முனையையும் எர்த்திலிருந்து விலக்கி வையுங்கள், இல்லையென்றால் ஆய்வகத்துக்கு என்றே செய்த மின்வழங்கிக்கு மாறுங்கள். அந்தப் பாதுகாப்பைப் பிடுங்கிப் போடுவது விடையல்ல.

இடைவெளியையும் அளந்து பாருங்கள். கடல்மட்டக் காற்றில் 1 மில்லிமீட்டரைத் தாண்ட உச்ச மதிப்பில் சுமார் 4.5 கிலோவோல்ட், 2 மில்லிமீட்டருக்கு 8 கிலோவோல்ட் வேண்டும். ஆர்கானில் இதைவிடக் குறைவு. அதனால் ஆர்கானில் பற்றவைத்து, வில் நிலைத்த பிறகு ஆல்கஹால் ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதே நல்ல வழக்கம்.

வில் ஒரே இடத்தில் நிற்கிறது, சறுக்கவில்லை

வாயு ஓட்டம் போதவில்லை, அல்லது வாயு வரும் முனை இடைவெளியின் நடுவை நோக்கி இல்லை. பென்சில் நுனி அளவு விலகினாலும் போதும், வில் ஓட்டமில்லாத பக்கம் ஒதுங்கி நின்றுவிடும். நின்ற வில் மின்முனையைக் குழியாக்கும். குழியின் விளிம்பில் அடுத்த வில்லும் ஒட்டும். விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சோக்கோ மின்தடையோ சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் இதன் எதிர்ப்பக்கம் வரும்: வில் பற்றியதும் அணைந்துவிடும், ஆவி பாதி உடையாமலே வெளியேறும்.

வில் துடிக்கிறது, நிறம் மாறி மாறி வருகிறது

பிளாஸ்மாவைக் குறை சொல்லாமல் ஆவியாக்கியைத் திறக்க வேண்டிய இடம் இதுதான். அதிகம் பேர் நேரத்தைத் தொலைக்கும் இடமும் இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

துடிப்பு சீரான இடைவெளியில் வந்தால், அந்த இடைவெளியைக் கடிகாரத்தில் பாருங்கள். சிரிஞ்ச் பம்பின் மோட்டார் அடி எடுத்து வைக்கும் வேகத்தோடு ஒத்துப்போனால் கோளாறு பம்பில். பெரிய சிரிஞ்சை மிக மெதுவாகத் தள்ளும்போது திரவம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். சின்ன விட்டமுள்ள சிரிஞ்சுக்கு மாறினால் பாதி சரியாகிவிடும்.

சீரில்லாமல் துடித்தால் ஊசி முனையிலேயே கொதிக்கிறது என்று அர்த்தம். எத்தனால் 78.4 டிகிரியில் கொதிக்கும், மெத்தனால் 64.7 டிகிரியில். சூடான பகுதிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிக்குள் ஆல்கஹால் ஆவியாகி, பின்னால் இருக்கும் திரவத்தை மொத்தமாகத் துப்பும். ஒரு துப்பலுக்கு ஆவி வெள்ளம், அடுத்து வெறும் நைட்ரஜன், மறுபடி வெள்ளம். வில்லின் நிறம் மாறுவது அதனால்தான். ஊசி முனையைச் சூடான பகுதிக்குச் சற்று வெளியே இழுத்து, திரவம் கண்ணாடி மணிகளோ குவார்ட்ஸ் பஞ்சோ நிறைத்த பகுதியில் விழும்படி செய்யுங்கள். பரப்பு பெரிதானால் ஆவியாதல் அமைதியாக நடக்கும்.

சரி, வெப்பத்தைக் கூட்டினால் தீருமே என்று 250 டிகிரிக்கு ஏற்றுபவர்கள் உண்டு. காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் போலத் துளிகள் தம் ஆவியின் மேலேயே மிதந்து ஓடும், ஆவியாவது மெதுவாகிவிடும். 120 முதல் 150 டிகிரி வரை வைத்துப் பரப்பைக் கூட்டுவதே மேல்.

இன்னொரு மறைவிடம், ஆவியாக்கிக்கும் உலைக்கும் நடுவே உள்ள குழாய். அதைச் சுற்றிய வெப்ப நாடாவில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டிருந்தால் அங்கே நீர் முதலில் குளிர்ந்து தேங்கும், எத்தனால் மட்டும் முன்னே போகும். நீங்கள் ஊற்றிய கலவை ஒன்று, வில்லுக்குப் போய்ச் சேருவது வேறொன்று. குழாய், வளைவு, இணைப்புத் திருகு என எல்லா இடமும் 110 டிகிரிக்கு மேல் இருக்கிறதா என்று வெப்ப இணையை (தெர்மோகப்பிளை) நகர்த்தி நகர்த்திப் பாருங்கள்.

உள்ளே கரி படிகிறது

முதலில் வில்லின் நிறம் சொல்லும். இளஞ்சிவப்பு என்றால் ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் கோடு, நல்ல செய்தி. பச்சை கலந்து வந்தால் 516 நானோமீட்டரை ஒட்டிய கார்பன் பட்டை, கரி வரப்போகிறது. வெண்மஞ்சளாகத் தகதகத்தால் கரித்துகள்களே சூட்டில் ஒளிர்கின்றன. ஆனால் மஞ்சள் எல்லாம் கரியல்ல. குழாய் நீரில் இருக்கும் சோடியம் 589இல் மஞ்சளாகவே ஒளிரும். சின்ன நிறமாலைமானி இருந்தால் சந்தேகம் தீர்ந்தது: சோடியம் ஒற்றைக் கோடாக நிற்கும், கரி முழு நிறமாலையையும் நிரப்பும். நைட்ரஜனில் ஓட்டுபவர்களுக்கு ஊதா எப்போதும் கொஞ்சம் இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கரிக்கு மருந்து நீர். எத்தனால் ஒரு மூலக்கூறுக்கு நீர் மூன்று என்பது சமன்பாட்டின் கணக்கு. அது எவ்வளவு நீர் என்று பலர் உணர்வதில்லை. ஒரு மோல் எத்தனால் 58 மில்லிலிட்டர், மூன்று மோல் நீர் 54 மில்லிலிட்டர். ஏறக்குறைய சரிபாதி! கரி தொல்லை தந்தால் நீரை இன்னும் கூட்டுங்கள். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. சாதாரண வடித்தலில் எத்தனால் 95.6 சதவீத எடையில் நின்றுவிடும், அதற்கு மேல் நீரைப் பிரிப்பது செலவு. நமக்கு அந்தச் செலவே தேவையில்லை, வடிக்கும் கலத்திலிருந்து பாதியில் எடுத்ததே போதும். நீர் கூடக் கூட ஆவியாக்கும் மின்செலவு ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மெத்தனாலுக்குக் கரித் தொல்லை குறைவு, அதில் உடைக்க வேண்டிய கார்பன்-கார்பன் பிணைப்பே கிடையாது. ஆனால் அது நஞ்சு. தோல் வழியாகவும் உள்ளே போகும்.

கடையில் கிடைக்கும் ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட்டை ஊற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்தச் சாயமும் குடிக்க முடியாதபடி கலந்த கசப்புப் பொருளும் ஆவியாவதில்லை. ஆவியாக்கியின் அடியில் பிசினாக நிற்கும். எரிக்கத்தான் அது, இதற்கு ஆகாது.

கரி இரண்டு மின்முனைகளுக்கும் பாலம் போட்டுவிட்டால் வில் மறைந்து, மின்னோட்டம் ஏறி, மின்னழுத்தம் இறங்கும். உடனே அணையுங்கள். காற்று விட்டு எரித்துச் சுத்தம் செய்யலாம், ஆனால் வரிசை முக்கியம்: திரவத்தை நிறுத்தி, நைட்ரஜனால் எரிவாயுவை முழுதும் வெளியேற்றி, அதன் பிறகே காற்று. வரிசை மாறினால் உலைக்குள் வெடிகலவை நிற்கும்.

உலைக்கே கொஞ்சம் காற்றுச் சேர்த்து ஓட்டுபவர்கள், கரும்பு வெட்டும் மாதங்களில் காற்று வடிகட்டியை அடிக்கடி பாருங்கள். வயலுக்குத் தீ வைத்த நாளில் மாடியில் காயும் துணியில் விழும் அதே சாம்பல்தான் உங்கள் வடிகட்டியையும் அடைக்கிறது.

குரோமட்டோகிராஃபில் ஹைட்ரஜன் தெரியவில்லை

வில் இளஞ்சிவப்பு, பொறிக்குப் பின் வாயு வருகிறது, கருவி மட்டும் ஹைட்ரஜன் இல்லை என்கிறது. அல்லது வரைபடத்தில் ஹைட்ரஜனுக்கான சிகரம் தலைகீழாக, கோணலாக வருகிறது. கருவிக்குள் மாதிரியைச் சுமக்கும் வாயு ஹீலியமா என்று பாருங்கள். வெப்பக் கடத்துமை உணரி, சுமக்கும் வாயுவுக்கும் மாதிரிக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. ஹீலியமும் ஹைட்ரஜனும் வெப்பத்தைக் கடத்துவதில் கிட்டத்தட்டச் சமம், அதனால் ஹைட்ரஜன் அங்கே ஒளிந்துகொள்ளும். ஆர்கானோ நைட்ரஜனோ போடுங்கள், ஹைட்ரஜன் மலைபோல எழும்.

ஹீலியத்திலேயே ஓட்டியாக வேண்டும், உலையில் ஆர்கான் விடுகிறீர்கள் என்றால் வேறொரு பொறி காத்திருக்கிறது. அறை வெப்பத்தில், கருவிக்குள் வாயுக்களைப் பிரிக்கும் மூலக்கூறு சல்லடைத் தூணில் ஆர்கானும் ஆக்ஸிஜனும் ஒரே நேரத்தில் வெளிவரும். ஆக்ஸிஜன் சிகரத்தைக் கண்டு கசிவு என்று நாள் முழுக்க சோப்பு நுரை தடவித் தேடுவார்கள், ஒன்றும் இருக்காது. உண்மையிலேயே கசிவு என்றால் ஆக்ஸிஜனோடு அதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு நைட்ரஜனும் சேர்ந்து வரும்.

ஹைட்ரஜன் தெரிகிறது, ஆனால் குறைவு என்றால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். வெளியே வரும் ஓட்டம் உள்ளே போன ஓட்டத்துக்குச் சமம் என்று பலர் வைத்துக்கொள்கிறார்கள். எத்தனால் ஒரு பங்கு, நீர் மூன்று பங்கு, மொத்தம் நான்கு உள்ளே போய் முழுதும் உடைந்தால் எட்டு வெளியே வரும். அளவு தெரிந்த நைட்ரஜனை ஓட்டி, அதன் சதவீதம் எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து மொத்த ஓட்டத்தைக் கண்டுபிடிப்பதே நம்பகமான வழி.

ஹைட்ரஜன் 75 சதவீதத்துக்கு மேல் காட்டுகிறது

சந்தோஷப்படாதீர்கள். எத்தனாலும் நீரும் முழுதாகக் கார்பன் டைஆக்ஸைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறினால், சுமக்கும் வாயுவைக் கழித்த உலர்ந்த வாயுவில் ஹைட்ரஜன் நான்கில் மூன்று பங்கு. அதுதான் உச்சம். அதைத் தாண்டினால் கார்பன் எங்கோ காணாமல் போகிறது.

போகும் இடங்கள் மூன்று. முதலாவது கரி. இரண்டாவது, மின்முனைகளைத் திரவத்துக்குள்ளேயே மூழ்கவைத்து ஓட்டுபவர்களுக்கு: மின்கடத்தலுக்காகச் சோடியம் ஹைட்ராக்ஸைடு சேர்த்திருந்தால் அது கார்பன் டைஆக்ஸைடை விழுங்கிவிடும். மூன்றாவது, ஐஸ் பொறி. எத்தனாலிலிருந்து ஹைட்ரஜன் மட்டும் கழன்றால் மிஞ்சுவது அசிட்டால்டிஹைடு, கொதிநிலை 20 டிகிரிக்குப் பக்கம். அது பொறியில் ஒடுங்கி நிற்கும், வாயுவில் தெரியாது. பொறியைத் திறக்கும்போது காரமான பழ வாசனை வந்தால் அதுவே. மூக்கை வைத்து முகராதீர்கள், புகை இழுக்கும் பெட்டிக்குள் திறவுங்கள்.

கார்பன் கணக்கு போடாத ஹைட்ரஜன் எண் எதையும் நான் நம்புவதில்லை. உள்ளே போன கார்பன் எவ்வளவு, கார்பன் மோனாக்ஸைடு, டைஆக்ஸைடு, மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன், பொறியில் நின்ற திரவம் எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது எவ்வளவு. பத்தில் ஒன்பது பங்குக்குக் கீழே வந்தால் அந்த ஓட்டத்தின் முடிவை எழுதாதீர்கள்.

ஜோஹன்னஸ்பர்க்கில் கூடுதலாக வருகிறது, டர்பனில் குறைகிறது

"அண்ணா, அங்கே ஓட்டிய அதே உலைதான். இங்கே ஹைட்ரஜன் ஐந்தில் ஒரு பங்கு கூட வருகிறது. குளிர்ந்த காற்றாலா?" என்று ஜோஹன்னஸ்பர்க் போன ஒரு தம்பி கேட்டான். குளிரால் இல்லை. ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்றழுத்தம் அங்கே 83 கிலோபாஸ்கல், டர்பனில் 101. 25 டிகிரியில் ஒரு மோல் வாயு டர்பனில் 24.5 லிட்டர் இடம் பிடிக்கும், ஜோஹன்னஸ்பர்க்கில் கிட்டத்தட்ட 30 லிட்டர். சோப்புக் குமிழி அளவியில் லிட்டரைப் பார்த்து 24.5ஆல் வகுத்தால், வராத ஹைட்ரஜனும் 22 சதவீதம் கூடுதலாகத் தாளில் வந்துவிடும். குமிழி அளவியில் நீராவியும் சுமார் 3 சதவீதம் ஒட்டிக்கொண்டு வரும், அதையும் கழியுங்கள்.

மிதவை வைத்த ரோட்டாமீட்டரும் ஏமாற்றும். கடல்மட்டத்துக்கு அளவிட்ட மீட்டரில் அதே கோட்டைப் பிடித்தாலும், ஜோஹன்னஸ்பர்க்கில் போகும் வாயு மூலக்கூறுகள் சுமார் 10 சதவீதம் குறைவு. அதாவது சுமக்கும் வாயு குறைந்து, ஆல்கஹால் ஆவி வில்லுக்குள் தங்கும் நேரம் மாறுகிறது. வெப்பவழி நிறை ஓட்டக் கட்டுப்படுத்தி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

வில் பற்றுவதிலும் வித்தியாசம் உண்டு. காற்றழுத்தம் குறைந்தால் அதே இடைவெளியைக் குறைந்த மின்னழுத்தம் தாண்டிவிடும். அங்கே செட் செய்து டர்பனுக்குக் கொண்டுவந்த உலை இங்கே பற்ற மறுத்தால் மின்வழங்கி பழுதாகவில்லை. இடைவெளியை ஒரு சிறிது குறுக்குங்கள். எந்த ஊரில் ஓட்டினாலும் அன்றைய காற்றழுத்தத்தை நோட்டில் எழுதுவது ஒரு வரி வேலை.

செயல்திறன் 100க்கு மேல் வருகிறது

பெரும்பாலும் வகுத்தியில் எத்தனாலை மறந்திருப்பீர்கள். ஒரு மோல் எத்தனாலின் கீழ் வெப்ப மதிப்பு (எரித்தால் வரும் வெப்பம், நீர் ஆவியாகவே போகும் கணக்கில்) சுமார் 1,235 கிலோஜூல். அதிலிருந்து வரக்கூடிய ஆறு மோல் ஹைட்ரஜனின் மதிப்பு 1,451. எரிபொருள் உண்மையிலேயே கனத்துத்தான் வெளிவருகிறது, அந்தக் கூடுதல் நீங்கள் கொடுத்த மின்சாரமும் வெப்பமும். இரண்டையும் கீழே போட்டு வகுத்தால் எண் தரைக்கு இறங்கிவிடும். ஆவியாக்கி ஹீட்டரின் மின்செலவைச் சேர்க்காமல் கட்டுரை எழுதுவது ரொம்பப் பேருடைய பழக்கம்; எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

வகுத்தி சரியென்றால் ப்ரோப். ஆயிரத்துக்கு ஒன்று குறைக்கும் ப்ரோபை மாட்டிவிட்டு ஆஸிலோஸ்கோப்பில் நூறுக்கு ஒன்று என்று வைத்திருந்தால் மின்திறன் பத்தில் ஒன்றாகத் தெரியும். மின்னழுத்தத்தின் ஆர்எம்எஸ் மதிப்பையும் (வர்க்கச் சராசரியின் மூலம்) மின்னோட்டத்தின் ஆர்எம்எஸ் மதிப்பையும் தனித்தனியாக எடுத்துப் பெருக்கினால் தவறு மறுபக்கம் போகும், மின்திறன் இருப்பதைவிடக் கூடத் தெரியும். கணத்துக்குக் கணம் இரண்டையும் பெருக்கி, பல சுற்றுகளுக்குச் சராசரி எடுங்கள். மின்காப்புத் தடை வகையில் மின்னோட்டம் நானோநொடி ஊசிகளாக வரும், ஆஸிலோஸ்கோப் அவற்றைத் தவறவிடும். அங்கே எர்த் பக்கம் தொடராக ஒரு மின்தேக்கி வைத்து, மின்னூட்டத்தை மின்னழுத்தத்துக்கு எதிரே வரையும் லிஸஜூ படத்தின் பரப்பை எடுப்பதே முறை. மேன்லி என்ற ஆய்வாளர் 1943இல் காட்டியது, இன்றும் அதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். பரப்பை அதிர்வெண்ணால் பெருக்கினால் மின்திறன் கிடைத்துவிடும்.

கார்பன் மோனாக்ஸைடு அலாரம் கத்துகிறது

முதலில் திரவத்தையும் பிளாஸ்மாவையும் நிறுத்தி, அறையை விட்டு வெளியே வாருங்கள். யோசனை அப்புறம். மின்வேதி வகை உணரிகள் ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்ஸைடாக எண்ணும் என்பது உண்மைதான். அதனால் "அது வெறும் ஹைட்ரஜன்" என்று சிலர் அலாரத்தைத் தட்டி அணைத்துவிடுவார்கள். அந்த ஹைட்ரஜன் அறைக்குள் வந்திருக்கிறது என்றால் அதே ஓட்டை வழியாக மோனாக்ஸைடும் வந்திருக்கிறது. ஹைட்ரஜனுக்கு ஈடுசெய்த உணரிகள் கிடைக்கின்றன, அதை வாங்குங்கள். பெரும்பாலும் கசிவு குவார்ட்ஸ் குழாயின் இரு முனையில் உள்ள ரப்பர் வளையத்தில் இருக்கும். சூட்டில் இறுகி வெடித்திருக்கும்.

இந்த வாயுவை நேரே, ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தில் விடலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. வாகனக் கலங்களுக்கான ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்ஸைடுக்கு உலகத் தரநிலை வைத்திருக்கும் எல்லை பத்து லட்சத்தில் 0.2 பங்கு. உங்கள் வாயுவில் அது சதவீதக் கணக்கில் இருக்கும்.

லோட் ஷெடிங் முடிந்து மின்சாரம் வந்ததும் உலை கெட்டுப்போயிருக்கிறது

2023இல் ஒரு நாளில் பல தடவை இது நடந்தது. இப்போது குறைந்திருந்தாலும் திடீர் மின்தடை எங்கும் போய்விடவில்லை. மின்சாரம் போகும்போது வில் அந்தக் கணமே அணையும், ஆனால் ஆவியாக்கி இன்னும் அரை மணி நேரம் சூடாகவே இருக்கும். ஊசியில் நின்ற திரவம் கொதித்து உலைக்குள் போய்க் குளிர்ந்து தேங்கும். ஐஸ் பொறிக்கு அப்பால் வாயு சுருங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். திரும்ப மின்சாரம் வந்ததும் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்தால், காற்றும் ஆல்கஹால் ஆவியும் நிற்கும் குழாய்க்குள் வில் பற்றும்.

இதற்கு மூன்று ஏற்பாடு வேண்டும். மின்சாரம் போனால் தானே திறக்கும் வால்வு ஒன்றை நைட்ரஜன் சிலிண்டரில் வையுங்கள். வெளியேறும் குழாயில் காற்றைத் திரும்ப விடாத வால்வு. மின்வழங்கிக்கு, ஒரு தடவை விழுந்தால் ஆள் வந்து பொத்தானை அழுத்தும் வரை எழாத கான்டாக்டர். சிரிஞ்ச் பம்ப் சிலவற்றில் மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும் அமைப்பு இருக்கும்; மெனுவில் தேடி அதை அணையுங்கள். மீண்டும் தொடங்கும்போது குழாயில் தேங்கியதை வடித்து, நைட்ரஜன் ஓட்டி, ஆக்ஸிஜன் சிகரம் காணாமல் போன பிறகு வில்லைப் பற்றவைத்து, அது நிலைத்ததும் பம்பைத் தொடங்குங்கள்.